பானைக்கு முன் பிறந்த யானை

ஆவணிச் சதுர்த்திக்கு முதல் நாள் மாலையில் ஸ்ரீரங்கத்துக் கடைவீதிகளில் ஈர மண் வாசனை அடிக்கும். தரையில் சாக்கு விரித்து, களிமண்ணை உருண்டை உருண்டையாகக் குவித்து வைத்திருப்பவர் ஓர் உருண்டையை எடுத்து அச்சுக்குள் அழுத்துவார். அச்சைத் திறந்தால் பிள்ளையார். கண்களுக்கு இரண்டு குன்றிமணிகளைப் பதித்து, வாங்க வந்தவர் கொண்டுவந்த மனைப்பலகையில் வைத்துக் கொடுப்பார். காகிதக் குடைக்குத் தனி விலை. இரண்டு மூன்று நாள் பூஜைக்குப் பிறகு அந்தப் பிள்ளையார் அம்மா மண்டபத்துப் படித்துறை வழியாகக் காவிரிக்குள் போவார். தும்பிக்கை முதலில் கரையும், பிறகு காது. தொந்திதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதுவும் போன பின் தண்ணீரில் கொஞ்சம் கலங்கல், மணலில் இரண்டு குன்றிமணி.

சில வாரங்களில் புரட்டாசி பிறக்கும். அதே வீதிகளில் வீட்டுக்கு வீடு கொலுப்படி கட்டுவார்கள். பரணிலிருந்து இறங்கும் பெட்டிகளில் செட்டியார், செட்டிச்சி, தசாவதாரம் இவற்றோடு ஒரு மண் யானை, ஒரு கிளி, கழுத்து சற்றுக் கோணிய ஒரு மாடு என்று எப்படியும் இருக்கும். அந்த யானையும் களிமண்தான். அதை எடுத்துக்கொண்டு போய்க் காவிரியில் போட்டால் என்ன ஆகும்? வர்ணம் போகும், யானை அப்படியே இருக்கும். ஆற்றின் தென்கரையில், இன்று திருச்சி மாநகரத்துக்குள் அடங்கிவிட்ட உறையூரில், சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அகழாய்வு நடத்தியது. சோழர்களின் பழைய தலைநகரமான அங்கே, சுமார் 2,000 ஆண்டுகள் ஈரமண்ணுக்குள் கிடந்த பானையோடுகள் கரையாமல் வெளியே வந்தன. சிலவற்றின் மேல் கீறியிருந்த தமிழ் பிராமி எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது.

ஒரே மண். ஒன்று சில நிமிடத்தில் கரைகிறது, மற்றொன்று இரண்டாயிரம் ஆண்டுக்கும் கரையாமல் இருக்கிறது. நடுவில் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டால் இன்னொன்றும் சேர்ந்து புரியும். மண் பொம்மைப் பிராணிகளுக்கு ஏன் கால் தடிமனாக இருக்கிறது, வயிறு ஏன் உப்பியிருக்கிறது, காது ஏன் தலையோடு ஒட்டிக் கிடக்கிறது, வாய் ஏன் திறந்திருக்கிறது? செய்தவரின் குறும்பு என்று நாம் ரசிப்பதில் பாதி, மண்ணோடும் தண்ணீரோடும் நெருப்போடும் அவர் செய்துகொண்ட உடன்பாடு.

மண்ணிலிருந்து தொடங்குவோம். காவிரி தலைக்காவிரியிலிருந்து கடல்வரை சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியெங்கும் உள்ள பாறைகளில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் ஏராளம். மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அந்த நீரை மிக லேசான அமிலமாக்குகிறது. அந்த அமிலம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஃபெல்ட்ஸ்பாரை அரித்து அரித்துக் களிமண் கனிமங்களாக மாற்றியிருக்கிறது. வெள்ளம் அவற்றைக் கீழே கொண்டுவருகிறது.

ஆனால் முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஆற்றுக்குள் இறங்கி நடந்தால் காலில் படுவது மணல்தான். களிமண் எங்கே போயிற்று? ஒரு மணல் துகள் தண்ணீரில் நொடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் கீழே இறங்கிவிடும். களிமண் துகளின் அகலமோ 2 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அசையாத தண்ணீரில் அது 10 சென்டிமீட்டர் இறங்கவே சுமார் எட்டு மணி நேரம் வேண்டும். ஓடுகிற ஆற்றில் அது எங்கே படியப்போகிறது? நீர் நின்று தூங்குகிற ஏரியிலும் குளத்திலும் கண்மாயிலும்தான் படியும். குயவர்கள் ஏரி மண்ணைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம். வீட்டில் மண்ணைக் கரைத்துத் தெளியவைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்: வாளியில் கரைத்து, அரை நிமிடம் பொறுத்து, மேலே உள்ள கலங்கலை இன்னொரு பாத்திரத்தில் சாய்த்துக்கொண்டால் மணலும் கல்லும் முதல் வாளியிலேயே தங்கிவிடும்.

நுண்ணோக்கி வழியே பார்த்தால் களிமண் துகள் ஒவ்வொன்றும் ஒரு தட்டு. அப்பள அடுக்குபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நடுவில் மெல்லிய நீர்ப்படலம். விரலால் அழுத்தினால் தட்டுகள் அந்த நீரின்மேல் வழுக்கி நகர்கின்றன, கையை எடுத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்கின்றன. மணலுக்கு இந்தக் குணம் கிடையாது. மாவுக்கு ஓரளவு உண்டு, ஆனால் அது சுருங்கிப் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். சொன்ன இடத்தில் அசையாமல் நிற்பது களிமண் ஒன்றுதான். அதனால்தான் அதற்கு முகம் வைக்க முடிகிறது.

எல்லாக் களிமண்ணும் ஒரே ஜாதி இல்லை. கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற வகை, தட்டுகளுக்கு நடுவில் மட்டுமின்றித் தட்டுக்குள்ளேயும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கோடையில் கரிசல் காடு கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடப்பது அந்தத் தண்ணீர் போனதால். அதில் மட்டும் யானை செய்தால் காய்வதற்குள் முதுகு பிளந்துவிடும். கயோலினைட் என்ற வகை சுருங்குவது குறைவு, ஆனால் வளைந்து கொடுக்காது. அனுபவமுள்ள வேளார் (குயவர்) ஒருவர் மண்ணைக் கையில் எடுத்து, திரித்து, விரலைச் சுற்றி வளைத்துப் பார்த்தே இரண்டும் எந்த அளவில் இருக்கின்றன என்று சொல்லிவிடுவார். பிறகு மணல் சேர்ப்பதா, வேறு ஏரி மண்ணைக் கலப்பதா என்று முடிவு செய்வார். மண்ணை மிதித்துப் பதப்படுத்துவது அதற்கடுத்த வேலை. காலால் மிதிக்கும்போது கட்டிகள் உடைந்து ஈரம் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவுகிறது.

இப்போது யானை. உள்ளங்கையில் அடங்கும் உருண்டையில் கட்டைவிரலை இறக்கிச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் ஒரு கிண்ணம் வரும். அதேபோல் இன்னொன்று. இரண்டின் விளிம்பையும் ஈர்க்குச்சியால் கீறி, மண்குழம்பைத் தடவி, வாயோடு வாய் வைத்து ஒட்டினால் உள்ளே வெற்றிடமுள்ள வயிறு தயார். கீறாமல் ஒட்டினால் காயும்போது கழன்று விழும். கீறிய தடத்தில்தான் இருபக்கத் தட்டுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு நான்கு கால், தலை, தும்பிக்கை. அடிவயிற்றிலோ வாயிலோ ஒரு துளை கட்டாயம். ஏன் என்பது நெருப்பிடம் போகும்போது தெரியும்.

காலில்தான் முதல் பேச்சுவார்த்தை. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கல் குதிரைகளை மறக்க மாட்டார்கள். விஜயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பிகள் முன்னங்கால்களை வானத்துக்குத் தூக்கிய குதிரைகளையும், மேலே வீரர்களையும், கீழே பாயும் விலங்குகளையும் ஒற்றைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே போய்ப் புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள நமுனசமுத்திரத்து அய்யனார் கோயிலுக்குள் நுழைந்தால் வழியின் இருபுறமும் மண் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன, பழையவை சாய்ந்தும் உடைந்தும், புதியவை நிமிர்ந்தும். எதுவும் காலைத் தூக்கவில்லை. நான்கு காலையும் தரையில் ஊன்றி, தூண்போல நிற்கின்றன. கல் சிற்பி குதிரையைத் தூணோடு சேர்த்தே செதுக்குகிறார். பின்னால் தூணும் கீழே நிற்கும் உருவங்களும் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. மண் குதிரைக்குத் தூண் கிடையாது. அதன் கால்களேதான் தூண்.

ஈரமான களிமண் ஓரளவு பாரம்வரை அசையாமல் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் மெதுவாக உட்கார ஆரம்பிக்கும். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைச் சொன்னார்: ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் இருமடங்காகப் பெரிதாக்கினால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அதாவது காலின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிட இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். விரலளவு குதிரைக்கு மெலிந்த கால் வைக்கலாம். ஆளுயரக் குதிரைக்கு அதே அழகை அப்படியே பெரிதாக்கினால் சாயங்காலத்துக்குள் மண்டியிட்டுவிடும்.

வேளார்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். கால்களைத் தடித்த, உள்ளே வெற்றிடமுள்ள உருளைகளாகக் கட்டுகிறார்கள். அதோடு முழுக் குதிரையையும் ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. ஒரு சுற்று மண் வைத்து, உள்ளே கல்லோ கட்டையோ அணைகொடுத்து வெளியே தட்டுப்பலகையால் தட்டி, அது கொஞ்சம் இறுகும்வரை விட்டுவிடுகிறார்கள். இறுகிய சுற்று அடுத்த சுற்றைத் தாங்கும். கால் ஒரு நாள், வயிறு ஒரு நாள், கழுத்து இன்னொரு நாள் என்று மண் சொல்கிற வேகத்திலேயே வேலை நடக்கிறது. அய்யனாருக்கு மண் குதிரை செலுத்தும் புரவி எடுப்பு விழாவுக்கு ஊரார் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பது வழக்கம். அதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். குதிரையோடு யானை, காளை, நாய், பாம்பு, தொட்டில் பிள்ளை என்று நேர்த்திக்கடனுக்கு ஏற்ப மற்ற உருவங்களும் அதே கைகளிலிருந்து வருகின்றன. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும்வரை இந்த நிலத்தின் பெரும்பகுதி திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கல் குதிரையும் மண் குதிரையும் அடுத்தடுத்து வாழ்ந்த ஒரே வட்டாரம் இது.

செய்து முடித்த யானையைக் காயவைப்பது, செய்வதைவிடக் கஷ்டம். தட்டுகளுக்கு இடையே இருந்த நீர் வெளியேற வெளியேறத் தட்டுகள் நெருங்குகின்றன, உருவம் சுருங்குகிறது. பானை செய்யும் மண் காய்ந்ததும் சாதாரணமாக நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு குறையும். சுருங்குவதால் தொல்லையில்லை, எல்லா இடமும் ஒரே நேரத்தில் சுருங்காததுதான் தொல்லை. மெல்லிய காது காலையிலேயே காய்ந்து சுருங்கி முடித்திருக்கும், தடித்த தலை இன்னும் ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் கோட்டில் இழுபறி. மறுநாள் காலை அந்தக் கோட்டில் மயிரிழை விரிசல். ஆடி மாதத்துத் திருச்சிக் காற்றில் ஜன்னலோரம் வைத்த பொம்மையின் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து, யானை காற்றடித்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அக்கினி நட்சத்திர வெயிலும் இப்படித்தான். ஈரத்துணியைப் போர்த்தி நிழலில் வைத்து, முதல் இரண்டு நாள் காது, வால், தும்பிக்கை நுனிகளை மட்டும் கூடுதலாக மூடிவைப்பது அனுபவசாலிகள் செய்யும் ஏற்பாடு. நாட்டு மண் பொம்மைகளில் யானைக்காது விரிந்து பறக்காமல் கழுத்தோடு ஒட்டியிருப்பதன் ரகசியமும் இதுதான். ஒட்டிய காது தலையோடு சேர்ந்தே காயும்.

முழுக்கக் காய்ந்த யானை பார்வைக்குக் கல்போல இருக்கும். தட்டினால் சத்தம்கூட வரும். ஆனாலும் அது இன்னும் பிள்ளையார்தான். தண்ணீரில் போட்டால் நீர்ப்படலம் மறுபடியும் தட்டுகளுக்கு இடையே புகுந்து, எல்லாவற்றையும் பிரித்துவிடும். கேக் சுடும் மின்அடுப்பில் 250 டிகிரி செல்சியஸில் வைத்து எடுத்தாலும் இதே கதைதான். மண் மீண்டும் மண்ணாக முடியாத நிலைக்குப் போக அதைவிட இருமடங்குக்கு மேல் சூடு வேண்டும்.

சூளையில் நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதல் கட்டம் 100 டிகிரியை ஒட்டி. காய்ந்துவிட்டது என்று நாம் நம்பிய மண்ணிலும் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மெதுவாகச் சூடேற்றினால் ஆவி மண்ணின் நுண்துளைகள் வழியே கசிந்து போய்விடும். அவசரப்பட்டால் வழி கிடைக்காமல் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும், பட்டாசு வெடித்த சத்தத்தோடு. மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லித்தருகிறார்கள். குற்றவாளி காற்று இல்லை. சூடான காற்று சில மடங்குதான் விரியும். ஈரம் காயாத தடித்த சுவர்தான் வெடிக்கிறது. குமிழியைச் சுற்றி ஈரம் தங்குவதால் பழி குமிழியின்மேல் விழுந்திருக்கிறது. யானையின் வயிறு உள்ளே வெற்றிடமாக இருப்பதும், சுவர் எங்கும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருப்பதும், அடியில் துளை இருப்பதும் இந்த ஆவிக்காகத்தான். துளையை வாயில் வைத்துவிட்டால் யானை ஏதோ சொல்ல வாய் திறந்ததுபோல இருக்கும்.

சுமார் 450 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குள் இரண்டாவது கட்டம் நடக்கிறது. கரைகிற மண்ணுக்கும் கரையாத மண்ணுக்கும் நடுவிலுள்ள கோடு இதுதான். கயோலினைட்டின் அணு அமைப்புக்குள்ளேயே ஹைட்ராக்சில் வடிவில் நீர் கட்டுண்டு கிடக்கிறது, எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு. இந்தச் சூட்டில் அந்தக் கட்டு அறுந்து நீர் ஆவியாகப் பிரிந்துபோகிறது. தட்டுகளின் படிக அமைப்பு குலைகிறது. இனி எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அவை பழையபடி வழுக்கும் தட்டுகளாகப் போவதில்லை. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் மணலின் குவார்ட்ஸ் படிகங்கள் சட்டென்று வடிவம் மாறிச் சற்றே பெருக்கின்றன. ஆறும்போது அதே புள்ளியில் மறுபடி சுருங்குகின்றன. சூளை ஆறும்முன் ஆசையில் திறந்து பார்ப்பவர்களின் பொம்மைகள் அந்த இடத்தில்தான் கீறல் விடுகின்றன. அதற்கும் மேலே சூடு ஏற ஏறத் துகள்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். நம் ஊர்ச் சூளைகள் பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரிவரை போய் நின்றுவிடும்.

பெரிய குதிரைகளுக்கு மண்ணில் நெல் உமி கலப்பார்கள். சூட்டில் உமி எரிந்துபோய் அதன் இடத்தில் நுண்ணிய பள்ளங்கள் மிஞ்சும். ஆவிக்கு அவை வாசல். அதைவிட முக்கியமாக, சுவரில் ஒரு விரிசல் ஓடத் தொடங்கினால் இந்தப் பள்ளத்தில் வந்து விழுந்து நின்றுவிடும். விரிசலின் கூர்முனை மழுங்கினால் அதன் வேகம் செத்துவிடுகிறது. நெல் விளையும் காவிரிக் கரையில் எங்கும் குவிந்து கிடக்கிற, யாரும் மதிக்காத ஒரு பொருளை வைத்து ஆளுயர மண் சுவரை நெருப்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது வியப்புக்கும் மரியாதைக்கும் உரியது. உடைந்த மண் குதிரையின் ஓட்டைப் பார்த்தால் உமி கிடந்த தடங்களை இன்றும் காணலாம். ஓட்டின் வெளிப்புறம் சிவப்பாகவும் நடுவே கறுப்பாகவும் இருந்தால், கரி முழுக்க எரிவதற்குள் நெருப்பு அணைந்துவிட்டது என்று பொருள்.

நிறமும் நெருப்பின் மூச்சைப் பொறுத்தது. மண்ணிலுள்ள இரும்புக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் ஹெமடைட் உருவாகி யானை சிவக்கும். புகைமூட்டத்தில் ஆக்சிஜன் இல்லாமல் திணறினால் இரும்பு வேறு ஆக்சைடாகி, கரியும் படிந்து கறுக்கும். உறையூரில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்களில் உட்புறமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்துவைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகவில்லை என்பது பரவலான விளக்கம். ஒரே நெருப்பில் இரண்டு நிறம் எடுத்தவர்கள் அவர்கள். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் பழக்கமும் அப்போதே உண்டு. தேய்க்கும்போது மேற்பரப்புத் தட்டுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்வதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. கண்ணாடிப் பூச்சு எதுவும் இல்லாமலே பளபளப்பு.

கரைவதைத் தடுக்க நெருப்பு ஒன்றே வழியா என்றால், ஸ்ரீரங்கத்திலேயே இன்னொரு பதில் உண்டு. மூலவர் பெரிய பெருமாள் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்துத் திருமேனி. அதனால் திருமஞ்சனம் உற்சவருக்கு நடக்கிறது, மூலவருக்குத் தைலக்காப்பு. கோபுரங்களில் நிற்கும் யாளிகளும் பூதங்களும் பெரும்பாலும் சுதைதான். சுதையிலுள்ள சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி, சுண்ணாம்புக்கல்லாகவே மாறி இறுகுகிறது. நெருப்பின் வேலை அங்கே சுண்ணாம்பைச் சுடும்போதே முடிந்துவிட்டது.

இவ்வளவு நுணுக்கமும் பானை செய்து செய்துதான் மனிதனுக்கு வந்திருக்க வேண்டும், பொம்மை அதற்குப் பிறகு வந்த பொழுதுபோக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். வரலாறு நேர்மாறு. இன்றைய செக் நாட்டில் டோல்னி வியெஸ்டோனிட்ஸே என்ற இடத்தில் 1925-இல் ஒரு சிறிய சுடுமண் பெண்ணுருவம் கிடைத்தது. வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். அதே இடத்தில் சிங்கம், கரடி, மாமூத், காண்டாமிருகம் என்று விலங்கு உருவங்களின் உடைந்த துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பானை ஒன்றுகூட இல்லை. இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய பானை, சீனாவின் சியான்ரென்டோங் குகையில் கிடைத்தது. 2012-இல் வெளியான ஆய்வின்படி அதன் வயது சுமார் 20,000 ஆண்டு. மனிதன் சோறு வடிக்கச் சட்டி சுடுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே யானைக்கு உறவான ஒரு மிருகத்தைச் சுட்டிருக்கிறான்.

அந்தத் துண்டுகள் ஏன் அத்தனையும் உடைந்திருந்தன? பமீலா வாண்டிவரும் அவருடைய குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் உடைந்த பரப்புகளைப் பரிசோதித்து, பல உருவங்கள் வெப்ப அதிர்ச்சியால் சிதறியவை என்று கண்டார்கள். அந்த ஊர் மண் சாதாரணமாக அப்படிச் சிதறாது. ஈரத்தோடு நெருப்பில் போட்டால்தான் சிதறும். ஆகவே வெடிக்க வேண்டும் என்றே போட்டிருக்கலாம், பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அது ஒரு சடங்காகவே இருந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். சூளைக்காரர் எதற்குப் பயந்து யானைக்கு அடியில் துளையிடுகிறாரோ, அதையே அந்த ஆதி மனிதர்கள் கொண்டாடியிருக்கிறார்கள் போலும்.

நம் பக்கத்திலும் பிராணிகளுக்குக் குறைவில்லை. மொகஞ்சதாரோவில் தலை தனியாக அசையும் சுடுமண் காளை கிடைத்திருக்கிறது. கீழடியிலும் சுடுமண் உருவங்களும் விளையாட்டுக் காய்களும் கிடைத்துள்ளன. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் தஞ்சாவூரில் தலை ஆடுவது இன்றும் தொழில். தலையாட்டிப் பொம்மையில் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனித் துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்று கம்பிமுனையில் தொங்குகிறது. ஒவ்வொரு துண்டின் எடைமையமும் தாங்குமுனைக்குக் கீழே இருப்பதால், தட்டிவிட்டால் ஊசல்போல ஆடி மெல்ல நிலைக்கு வரும். சாய்த்தாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி பொம்மையில் அடிப்பாகம் அரைக்கோளம், அதில் கனமான களிமண். மேலே லேசான காகிதக்கூழ். சாயும்போது எடைமையம் மேலே தூக்கப்படுகிறது, அது கீழே இறங்கப் பார்ப்பதால் ராஜா நிமிர்ந்துவிடுகிறார். அடியில் கனம் வைக்காமல், முழுக்க ஒரே பொருளால் செய்த ஓர் உருவம் இப்படித் தானாக எழுந்து ஒரே நிலையில் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு ஹங்கேரிக் கணித அறிஞர்கள் காபோர் டொமோகோஷும் பீட்டர் வார்கோனியும் 2006-இல்தான் விடை கண்டார்கள். கொம்பொட்ஸ் என்று பெயரிட்ட அந்த வடிவம், பக்கவாட்டில் பார்த்தால் ஓர் ஆமை முதுகு.

சென்னையிலிருந்து கார்டு லைன் ரயிலில் திருச்சிக்கு வருபவர்கள் விருத்தாசலத்தைக் கடந்தே வருவார்கள். பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே உண்டு. கூழ்போலக் கரைத்த வெண்களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றினால் அச்சின் சுவர் தண்ணீரை உறிஞ்சி, ஓரத்தில் ஒரு தோல் படியும். நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் உள்ளே வெற்றிடமுள்ள முயல். அதன்மேல் கண்ணாடிப்பூச்சுப் பூசிச் சுடுவார்கள். கையால் பிராணி செய்து உயர்ந்த சூட்டில் பூச்சோடு சுடும் கலையைத் தென்னாட்டில் பரப்பியதில் புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிக்குப் பெரிய பங்கு உண்டு. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய அந்தப் பட்டறையில் பயின்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பக்கத்து வில்லியனூரின் சுடுமண் சிற்பி முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். பூச்சு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஈயம் கலந்த பூச்சில் சுட்ட கிண்ணத்தில் புளியோ ஊறுகாயோ வைத்தால் அமிலம் ஈயத்தைக் கரைத்து வெளியே எடுக்கும். குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கும் அந்தப் பூச்சு கூடாது.

கொலுப்படி யானையைத் திருப்பிப் பார்த்தால், அடிவயிற்றுத் துளைக்குப் பக்கத்தில் விரல் அழுந்திய தடம் இருக்கும். ஈரமண் வாங்கிய ரேகையை நெருப்பு நிரந்தரமாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்ந்த சினாகுவா மக்களின் பழைய மண்பொருட்களில் பதிந்த ரேகைகளைக் கேத்ரின் காம்ப் என்ற தொல்லியலாளரும் சக ஆய்வாளர்களும் அளந்து 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர வளர ரேகை வரிகளின் அகலம் கூடும். மண் சுருங்கிய அளவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் விரலுக்குரியவரின் வயதை உத்தேசமாகச் சொல்லலாம். பானைகளில் இருந்தவை பெரியவர்களின் விரல்கள். சின்னச் சின்ன மிருக உருவங்களில் இருந்தவை பெரும்பாலும் குழந்தைகளின் விரல்கள்.

விஜயதசமி இரவில் ஆரத்தி எடுத்து, படியிலுள்ள பொம்மைகளில் ஒன்றைப் படுக்கவைத்த பிறகு கொலு முடிகிறது. மறுநாள் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றுவார்கள். அந்த இருட்டில் யானை சும்மா இருப்பதில்லை. சூளையில் இழந்த ஹைட்ராக்சில் நீரைச் சுட்ட மண் காற்றின் ஈரத்திலிருந்து துளித்துளியாகத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மொய்ரா வில்சனும் குழுவினரும் 2009-இல் இதை அளந்து, பழைய செங்கல்லின் வயதை அறிய ஒரு முறையாகவே முன்வைத்தார்கள். அவர்கள் கண்ட விதிப்படி எடை காலத்தின் நான்காம் மூலத்தை ஒட்டி ஏறுகிறது: முதல் ஆண்டில் ஏறிய எடை இருமடங்காக 16 ஆண்டு ஆகும், மும்மடங்காக 81 ஆண்டு. பாட்டி காலத்து யானையை அடுத்த புரட்டாசியில் பரணிலிருந்து இறக்கும்போது, வீட்டுத் தராசு எதிலும் தெரியாத அளவுக்குத்தான் என்றாலும், அது போன வருஷத்தைவிடச் சற்றுக் கனத்திருக்கும்.